யார்க்கிலிருந்து இன்வர்னெஸ் வரை காரில்: பழைய ரோமானியச் சாலையைப் பின்பற்றும் ஒரு வழித்திட்டம்

ஜூன் மாதத்தில் குடும்பத்தினர் நால்வர் பன்னிரண்டு நாள் பிரிட்டனின் வடபகுதியில் காரில் சுற்றப் போவதாகவும், யார்க்கில் வாடகைக் கார் எடுத்து இன்வர்னெஸ்ஸில் ஒப்படைக்க எண்ணியிருப்பதாகவும், வரலாற்று இடங்களை மட்டுமே பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பட்டியலில் ஏறத்தாழ முப்பது கோட்டைகளும் மடங்களும் இருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதே உங்கள் கேள்வி. பாதிக்கு மேல் விட்டுவிடுங்கள் என்பது என் பதில். மீதியைத் தேர்ந்தெடுக்க, ‘எது பெயர்பெற்றது’ என்பதைக் காட்டிலும் நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது.

ரோமானியப் படைகள் யார்க்கிலிருந்து வடக்கே செல்லப் போட்ட சாலை ஒன்று உண்டு. பின்னாளில் அதற்கு டியர் ஸ்ட்ரீட் என்று பெயர் வந்தது. பிஞ்செஸ்டர், கார்பிரிட்ஜ் ஆகிய படைத்தளங்களைத் தொட்டு, சேவியட் குன்றுகளைக் கடந்து, ட்வீட் ஆற்றங்கரையை அடைந்து, அங்கிருந்து ஃபோர்த் கழிமுகம் வரை அது சென்றது. இன்றைய ஏ68 நெடுஞ்சாலை பல இடங்களில் அதன் மேலேயே ஓடுகிறது. பின்னால் வந்த துறவிகளும் அரசர்களும் படைகளும் இதே தடத்தில்தான் போனார்கள். போகிற வழியில் முந்தையவர்கள் விட்டுச்சென்ற கல்லை எடுத்துத் தமக்கு வேண்டியதைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு கல் எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று பார்த்துக்கொண்டே சென்றால், தனித்தனி இடிபாடுகளாகத் தோன்றுபவை தொடர்ச்சியான ஒரே வரலாறாகப் புரியத் தொடங்கும். யார்க்கில் இரண்டு இரவு, டர்ஹாமில் ஒன்று, ஹெக்ஸமில் இரண்டு, மெல்ரோஸில் இரண்டு, எடின்பரோவில் இரண்டு, இன்வர்னெஸ்ஸில் இரண்டு என்று தங்கலாம்.

கார் ஓட்டுவது குறித்துச் சில செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். சுற்றுலாப் பயணியாகச் செல்பவர் செல்லத்தக்க இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டே பன்னிரண்டு மாதம் வரை கார் ஓட்டலாம். பலகைகளில் எல்லாம் மைல் கணக்கு. ஊருக்கு வெளியே நடுப்பிரிப்பு இல்லாத சாலைகளில் உச்ச வேகம் பொதுவாக மணிக்கு 60 மைல். ஆனால் அது வரம்பு மட்டுமே, வளைந்து ஏறும் கிராமச் சாலைகளில் அந்த வேகத்துக்கு ஆசைப்படாதீர்கள். ஒரே வண்டி போகும் அகலமுள்ள சாலைகளில் எதிரே வருபவருக்கு வழிவிட ஒதுங்கிடங்கள் அமைத்திருப்பார்கள். அவற்றில் காரை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகக் கூடாது. ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேளுங்கள். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதால் அதையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.

யார்க்கில் கார் தேவையே இல்லை; ஊரை விட்டுக் கிளம்பும் நாளில் எடுத்துக்கொண்டால் போதும். கி.பி. 71 வாக்கில் ரோமானியர்கள் இங்கே படைத்தளம் அமைத்து எபொராகம் என்று பெயரிட்டார்கள். பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் 211இல் இங்கேதான் இறந்தார். அதற்கு முன்னோ பின்னோ ரோமாபுரியிலிருந்து இத்தனை தொலைவில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி உலக வரலாற்றையே திருப்பியது என்றால் அது 306இல் கான்ஸ்டன்டைனை அவருடைய படைவீரர்கள் இவ்வூரில் பேரரசராக அறிவித்ததுதான். யார்க் மின்ஸ்டர் பேராலயத்தின் கிழக்குப் பெருஞ்சாளரத்தை 1405 முதல் 1408 வரை ஜான் தார்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞர் தலைமையில் செய்தார்கள். அதன் எதிரே உட்கார்ந்து மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்க்க வேண்டும். அதன்பின் தவறாமல் நிலவறைக்கு இறங்குங்கள். 1967இல் நடுக்கோபுரத்தின் அடித்தளம் ஆட்டங்கண்டிருப்பது தெரியவந்து, அதை வலுப்படுத்தத் தோண்டியபோது, ரோமானியப் படைத்தலைமையகத்தின் சுவர்களும் தூண்களும் வெளிப்பட்டன. பேராலயம் எதன் மேல் நிற்கிறது என்பதை அங்கே கண்ணால் காணலாம். ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளைப் பற்றிய காட்சியகத்துக்கு நேரம் இருந்தால் போகலாம். இல்லையென்றால் பெரிய இழப்பில்லை.

வழியிலிருந்து சற்றே விலகிப் போகத் தகுதியான ஓரிடம் ரிப்பன் நகருக்கு அருகிலுள்ள ஃபவுன்டன்ஸ் மடம். யார்க்கிலிருந்த மடத்தின் ஒழுங்கு தளர்ந்துவிட்டது என்று கருதி வெளியேறிய பதின்மூன்று துறவிகள் 1132இல் இதைத் தொடங்கினார்கள். பின்னர் சிஸ்டெர்சியன் சபையில் சேர்ந்து, ஆட்டுக் கம்பளி வணிகத்தால் பெருஞ்செல்வம் பெற்ற இம்மடத்தை, 1539இல் எட்டாம் ஹென்றியின் அரசு மூடியது. வாயிலருகே இருக்கும் ஃபவுன்டன்ஸ் மாளிகை இம்மடத்தின் கற்களைக் கொண்டே கட்டப்பட்டது. மடத்தின் சேமிப்பறையில், வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீளும் அந்தக் கூடத்தில், ஒரு நிறுவனமாக மடம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது தெரியும்.

டர்ஹாம் போகும் வழியில் பிஷப் ஆக்லண்டுக்கு அருகே எஸ்கம் என்ற சிற்றூர் இருக்கிறது. உங்கள் பட்டியலில் இது இல்லை, சேர்த்துக்கொள்ளுங்கள். ரோமானியருக்குப் பின் குடியேறிய ஆங்கிலோ சாக்ஸன் மக்கள் ஏழாம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயம் ஒன்று இங்கே ஏறக்குறைய முழு வடிவில் நிற்கிறது. கற்கள் அருகிலுள்ள பிஞ்செஸ்டர் ரோமானியத் தளத்திலிருந்து வந்தவை. ஆறாம் படைப்பிரிவின் பெயர் பொறித்த கல் ஒன்று சுவரில் தலைகீழாக வைத்துக் கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அதை வைத்தவருக்கு அந்த எழுத்து ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனால் இந்தப் பயணத்தின் பொருள் முதன்முதலாகத் துலங்குவது அந்த அரை மணி நேரத்தில்தான்.

டர்ஹாமில் நகருக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் உள்ளே போவது நல்லது. வேர் ஆறு மூன்று பக்கமும் வளைந்து செல்லும் பாறை முனையில் பேராலயமும் கோட்டையும் அடுத்தடுத்து நிற்கின்றன. இங்கிருந்த ஆயர்கள் ஸ்காட்லாந்து எல்லையைக் காக்கும் பொறுப்பையும், தமக்கென நாணயம் அடிக்கும் உரிமையையும் பெற்றிருந்தார்கள். பேராலயத்தை 1093இல் தொடங்கி 1133க்குள் பெரும்பகுதி முடித்தார்கள். கல்லாலான விலா வளைவுகள் கூரையைத் தாங்கும் முறை ஐரோப்பாவில் இத்தனை பெரிய அளவில் கையாளப்பட்ட தொடக்ககாலக் கட்டடங்களில் இது ஒன்று. ஒரு முனையில் புனித கத்பெர்ட்டின் கல்லறை. மறுமுனையில், ஆங்கிலேயரின் முதல் வரலாற்றை எழுதிய பீட் துறவியின் கல்லறை. வைக்கிங் தாக்குதலுக்கு அஞ்சி லிண்டிஸ்ஃபார்ன் தீவைவிட்டு 875இல் கத்பெர்ட்டின் உடலோடு வெளியேறிய துறவிகள், பல இடங்களில் தங்கி, 995இல் இங்கே வந்து சேர்ந்தார்கள். 1650இல் டன்பார் போரில் தோற்ற ஸ்காட்லாந்து வீரர்களை இங்கிலாந்துப் படைத்தலைவர் கிராம்வெல்லின் படை இப்பேராலயத்துக்குள் அடைத்துவைத்தது. பலர் நோயிலும் பட்டினியிலும் இறந்தார்கள். குளிருக்காக மரவேலைப்பாடுகளையெல்லாம் எரித்தவர்கள் தங்கள் நாட்டின் முட்பூ செதுக்கப்பட்ட கடிகாரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள் என்று சொல்வார்கள். அந்தக் கடிகாரம் இன்றும் அங்கே இருக்கிறது. இறந்தவர்களில் சிலருடைய எலும்புகள் 2013இல் அருகிலேயே கண்டெடுக்கப்பட்டன.

அங்கிருந்து ஏ68 வழியாகக் கார்பிரிட்ஜ். ரோமானிய நகரத் தெருவின் நடைபாதையும் தானியக் களஞ்சியங்களின் தரையும் திறந்தவெளியில் கிடக்கின்றன. பக்கத்து ஊரான ஹெக்ஸமில், 674 வாக்கில் ஆயர் வில்ஃபிரிட் கட்டிய தேவாலயத்தின் நிலவறை அப்படியே எஞ்சியிருக்கிறது. அது முழுக்க ரோமானியக் கற்கள். அவற்றுள் ஒன்றில் பேரரசர் செவெரஸின் பெயரும் அவர் மகன்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருந்தன. இளையவன் கெட்டாவைத் தமையன் கரகல்லா கொன்றபின், பேரரசு முழுவதும் அவன் பெயரைச் செதுக்கி அழிக்க ஆணை பிறந்தது. அந்த ஆணை இந்தக் கல் வரை வந்து சேர்ந்திருக்கிறது. யார்க்கில் தந்தை இறந்த செய்தியைக் கேட்டுவிட்டு இங்கே வந்து மகனின் அழிக்கப்பட்ட பெயரைப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றோடொன்று பொருந்திவிடும்.

ஹேட்ரியன் சுவருக்கு முழுதாக இரண்டு பகல் கொடுங்கள். இந்தப் பயணத்தில் வேறெதையும் இதற்காகக் குறைக்கலாம். கி.பி. 122இல் தொடங்கி, தீவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை 117 கிலோமீட்டருக்குக் கட்டினார்கள். ரோமானிய மைலுக்கு ஒரு சிறுகோட்டை, இரண்டு சிறுகோட்டைகளுக்கு நடுவே இரண்டு காவல்கோபுரங்கள், இடையிடையே பெரிய படைத்தளங்கள் என்ற ஒழுங்கு மேடு பள்ளம் எதற்கும் விட்டுக்கொடுக்காமல் பின்பற்றப்பட்டது. அதனால் செங்குத்துச் சரிவைப் பார்த்தபடி வாயில் திறக்கும் சிறுகோட்டைகளும் உண்டு. நடுப்பகுதியில் கரும்பாறை விளிம்பின் மேல் சுவர் ஏறி இறங்குவதைக் காண, ஸ்டீல் ரிக் வண்டி நிறுத்தத்திலிருந்து ஹவுஸ்டெட்ஸ் வரை சுமார் ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஏற்ற இறக்கம் மிகுதி. காலில் நல்ல பிடிமானமுள்ள காலணி அவசியம். வழியிலுள்ள பள்ளத்தில் நின்றிருந்த புகழ்பெற்ற சிக்கமோர் மரத்தை 2023 செப்டம்பரில் இரவோடு இரவாக வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அடிமரத்தில் மறு ஆண்டே துளிர் கிளம்பியிருக்கிறது. ஹவுஸ்டெட்ஸ் தளத்தில் எண்ணூறு வீரர்கள் இருந்தார்கள். அவர்களின் பொதுக் கழிப்பிடமும் அதற்கு நீர் ஓடிய கால்வாயும் தெளிவாகத் தெரியும்.

சுவரின் கிழக்குப் பகுதியில் சுவரையே காணவில்லையே என்று கேட்பவர்கள் பலர். அவர்கள் ஓட்டிவந்த பி6318 சாலையின் அடியில் அது இருக்கிறது. 1745இல், பிரிட்டனின் அரியணைக்கு உரிமை கோரிய இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் கிளர்ச்சிப் படை மேற்குப் பக்கமாக இங்கிலாந்துக்குள் இறங்கியபோது, நியூகாசிலில் இருந்த அரசுப் படை நல்ல சாலையில்லாமல் உரிய நேரத்தில் குறுக்கே போக முடியவில்லை. அதன்பின் 1750களில் போட்ட இந்தப் படைச்சாலைக்குப் பல மைல் தூரம் சுவரின் கல்லே அடித்தளமாயிற்று. எஞ்சியது பிழைத்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியவர் ஜான் கிளேட்டன். நியூகாசில் நகரமன்றச் செயலராக இருந்த இவர், 1890இல் இறக்கும்வரை, சுவர் ஓடும் நிலங்களைக் கிடைத்தபோதெல்லாம் விலைகொடுத்து வாங்கிக் காத்தார். செஸ்டர்ஸ் குதிரைப்படைத் தளமும் ஆற்றங்கரைக் குளியலறையும் அவருடைய வீட்டுத் தோட்டத்திலேயே இருந்தன.

விண்டோலாண்டா சுவருக்குச் சற்றுத் தெற்கே, சுவரைவிடப் பழைய தளம். இதை ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. இங்கிலாந்தின் வரலாற்று இடங்கள் பலவற்றை நடத்தும் ஆங்கில மரபுரிமை அமைப்பின் (இங்கிலீஷ் ஹெரிடேஜ்) நுழைவுச்சீட்டு இங்கே செல்லாது. காற்றுப் புகாத ஈர மண்ணடியில் மரமும் தோலும் கெடாமல் கிடந்ததால் ஆயிரக்கணக்கான காலணிகளும், 1973 முதல் மையால் எழுதிய மெல்லிய மரப்பலகைக் கடிதங்களும் கிடைத்து வருகின்றன. ஒருவருக்குக் காலுறையும் உள்ளாடையும் அனுப்பிய செய்தி அவற்றில் இருக்கிறது. கி.பி. 100 வாக்கில் கிளாடியா செவெரா என்ற பெண், இத்தளத் தளபதியின் மனைவி லெபிடினாவுக்கு, செப்டம்பர் 11 அன்று தன் பிறந்தநாளுக்கு அவசியம் வர வேண்டும் என்று அனுப்பிய கடிதத்தை எழுத்தர் எழுத, கடைசி வரிகளை அவளே தன் கையால் எழுதியிருக்கிறாள். ஒரு பெண் தன் கைப்பட எழுதிய லத்தீன் எழுத்தாக நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. பெரும்பாலான பலகைகள் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தாலும், அவை கிடைத்த மண்ணில் நின்று படிப்பதற்கு ஈடில்லை. கோடையில் அகழாய்வு நடப்பதையும் அருகிலிருந்து பார்க்கலாம்.

ஹெக்ஸமிலிருந்து மீண்டும் ஏ68. ரெட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறி, கார்ட்டர் பார் கணவாயில் எல்லையைக் கடக்கிறது. 1603இல் ஒரே அரசர் இரு நாடுகளுக்கும் முடிசூடும்வரை, இந்த எல்லையின் இருபுறமும் கால்நடைக் கொள்ளையே வாழ்வாக இருந்த குடும்பங்கள் ஆட்சி செய்தன. கீழே மாடுகளை அடைத்துவிட்டு, மேல்தளத்தில் ஏணியை இழுத்துக்கொண்டு குடும்பம் வாழ்ந்த, ஒரு மீட்டருக்கு மேல் தடித்த சுவர்களுள்ள வீடுகள் சில இப்பகுதியில் இன்னும் நிற்கின்றன.

கணவாய் இறங்கியதும் ஜெட்பரோ. ஸ்காட்லாந்து அரசர் முதலாம் டேவிட் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எல்லையோரம் நிறுவிய மடங்களில் இது ஒன்று. இங்கிலாந்தின் கண்ணெதிரே தன் அரசின் செல்வத்தையும் பக்தியையும் காட்டும் விருப்பம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். படையெடுப்புகளில் இம்மடங்கள் திரும்பத் திரும்ப எரிந்ததற்கும் அந்த இடத்தேர்வே காரணம். ஜெட்பரோ மடத்திலும் எழுத்துப் பொறித்த ரோமானியக் கல் ஒன்று படிக்கட்டு வாசலின் மேற்கட்டையாக இருக்கிறது. காவலரிடம் கேட்டால் காட்டுவார். மெல்ரோஸ் மடத்தில் ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸின் இதயம் இருப்பதாகக் கருதப்படும் பேழை 1996இல் மீண்டும் தோண்டி எடுக்கப்பட்டு, 1998இல் அதே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்தது, ட்வீட் ஆற்று வளைவில் மரங்களுக்கு நடுவே இருக்கும் டிரைபரோ மடம். நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட்டின் கல்லறை அங்கே உள்ளது. மெல்ரோஸுக்கு அருகே டிரைமான்டியம் என்ற பெரிய ரோமானியத் தளம் இருந்தது. தரைக்கு மேல் இன்று ஒன்றுமில்லை, ஊருக்குள் இருக்கும் அருங்காட்சியகம் மட்டும் போதும்.

மெல்ரோஸில் தங்கும் இரண்டாம் நாளை லிண்டிஸ்ஃபார்னுக்கு ஒதுக்குங்கள். ஆனால் எந்த நாள் என்பதைக் கடல்தான் முடிவு செய்யும். தீவுக்குப் போகும் சாலை நாளுக்கு இருமுறை ஓதத்தில் மூழ்கும். நார்தம்பர்லண்ட் மாவட்ட மன்றம் வெளியிடும் பாதுகாப்பான நேர அட்டவணையைப் பார்த்தே அறை முன்பதிவு செய்யுங்கள். தண்ணீர் குறைவாகத்தானே இருக்கிறது என்று இறங்கி நடுவழியில் சிக்குபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைத் தீவான அயோனாவிலிருந்து வந்த ஏடன் துறவி 635இல் இங்கே மடம் நிறுவினார். 700ஆம் ஆண்டை ஒட்டி, ஓவியங்கள் நிறைந்த நற்செய்தி நூற்படி இங்கே எழுதப்பட்டது. 793இல் வைக்கிங்குகள் வந்தார்கள். இப்போது நிற்கும் இடிபாடு பன்னிரண்டாம் நூற்றாண்டில் டர்ஹாம் துறவிகள் கட்டியது, பாறை மேல் தெரியும் கோட்டை அந்த மடத்தின் கல்லால் எழுந்தது. போகும் வழியில் பிராங்ஸ்டன் கிராமத்தருகே, 1513 செப்டம்பர் 9 அன்று ஸ்காட்லாந்து அரசர் நான்காம் ஜேம்ஸ் வீழ்ந்த ஃபிளாடன் போர்க்களத்தில் இறங்கி, ஸ்காட்லாந்துப் படை இறங்கிவந்த சரிவையும் அது சிக்கிய சதுப்பையும் பார்த்தால் தோல்விக்கான காரணம் விளங்கும். பெரிக் நகரில், இத்தாலிய முறையில் பீரங்கிக்காகக் கட்டிய பதினாறாம் நூற்றாண்டு மதில் மேல் ஒரு சுற்று நடக்கலாம். பாம்பரோவும் ஆல்னிக்கும் அழகானவை, ஆயினும் நேரம் போதாது.

எடின்பரோவைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்: காரை ஊருக்கு வெளியே நிறுத்துங்கள், கோட்டைக்கு முன்பதிவு செய்யுங்கள், கட்டணமில்லாத தேசிய அருங்காட்சியகத்துக்கு அரைநாள் கொடுங்கள். டிரைமான்டியத்தில் கிடைத்த குதிரைப்படைத் தலைக்கவசம் அங்கேதான் இருக்கிறது. கோட்டையில் இருந்த விதிக்கல்லை அங்கே தேடாதீர்கள். ஸ்காட்லாந்து அரசர்கள் அமர்ந்து முடிசூடிய அந்த மணற்கல்லை 1296இல் முதலாம் எட்வர்ட் ஸ்கோனிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோனார். 1996இல் அது ஸ்காட்லாந்துக்குத் திரும்பியது. 2024 மார்ச் முதல் பெர்த் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்கோன் அங்கிருந்து மிக அருகில், பெர்த்தோ உங்கள் வழியிலேயே. அதற்கு முன் ஃபால்கர்க் அருகே ரஃப் காசிலில், 142இல் தொடங்கி இருபது ஆண்டளவில் கைவிடப்பட்ட அன்டோனைன் மண்சுவரையும், ஸ்டெர்லிங் கோட்டையையும் பார்த்துவிடுங்கள். இந்த ஒரு நாள் நீளமானது. காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

பெர்த்திலிருந்து இன்வர்னெஸ் வரை ஏ9. நடுப்பிரிப்புள்ள சாலையும் அது இல்லாத சாலையும் மாறி மாறி வருவதால் முந்துவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமராக்களும் உண்டு. கிங்கஸி அருகே மேட்டின் மேல் தெரியும் ரத்வென் படைவீடு, கிளர்ச்சிகளை அடக்க 1719இல் தொடங்கிக் கட்டியது. கல்லோடனில் 1746 ஏப்ரல் 16 அன்று நடந்த போர் ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. சார்லஸ் எட்வர்ட் பக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குலப்பெயர் பொறித்த நடுகற்களின் அடியில் மெய்யாகவே உடல்கள் இருக்கின்றன. பிள்ளைகளிடம் அதைச் சொல்லிவிட்டு உள்ளே அழைத்துப் போங்கள். பக்கத்தில் நாலாயிரம் ஆண்டுப் பழமையான கிளாவா கற்குவைகளையும் காணலாம்.

கல்லோடனுக்குப் பின் ஹைலண்ட் எனப்படும் ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்களின் உடைக்குக்கூடத் தடை வந்தது. ஆனால் ஒரு தலைமுறைக்குள் அதே மக்களைப் பிரிட்டிஷ் அரசு தன் படையில் சேர்த்துக்கொண்டது. கிளர்ச்சியில் கலந்துகொண்டு மன்னிக்கப்பட்ட மக்லவுட் பிரபு 1777இல் திரட்டிய படைப்பிரிவு 1780இல் சென்னையில் இறங்கியது. அதன் இரண்டு பிரிவுகள் அந்த ஆண்டு செப்டம்பரில், காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில், ஹைதர் அலி, திப்பு ஆகியோரின் படைகளிடம், கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பெய்லியின் படையோடு சேர்ந்து அழிந்தன. அவர்களுக்கு உதவிக்குப் போய்ச் சேராமல், பெரிய பீரங்கிகளைக் காஞ்சியில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கிய தளபதி ஹெக்டர் மன்றோ. மறு ஆண்டு நவம்பரில் அவர் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். அவருடைய ஊர் இன்வர்னெஸ்ஸுக்கு வடக்கே இருக்கிறது. அங்கே ஃபைரிஷ் குன்றின் உச்சியில், 453 மீட்டர் உயரத்தில், நாகப்பட்டினக் கோட்டை வாயிலின் சாயலில் வளைவுகளும் தூண்களும் கொண்ட நினைவுச்சின்னம் ஒன்றை 1782 வாக்கில் கட்டினார். வேலையிழந்த உள்ளூர் மக்களுக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம் என்று சொல்லப்படுகிறது.

இதையும் உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்வர்னெஸ்ஸிலிருந்து ஏ9இல் சுமார் நாற்பது கிலோமீட்டர். கீழே வண்டி நிறுத்தம் உண்டு. காட்டு வழியாக ஏறி இறங்க இரண்டரை மணி நேரம் வேண்டும். கொசுவைவிடச் சிறிய மிட்ஜ் பூச்சிகள் மாலையில் மொய்க்கும் என்பதால் பூச்சி விரட்டும் தைலம் எடுத்துச் செல்லுங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால், கல்லோடனை மாலைவரை பார்த்துவிட்டு, சாப்பிட்டு முடித்த பிறகுகூட ஏறலாம்.